மட்டம் தப்பிய கை

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். மழித்துக்கொண்டிருந்தவள் சவரக்கத்தியைச் சட்டென்று விலக்கினாள். இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா இது, கை மட்டம் தப்பியிருக்கு?" தச்சுவேலை பார்த்த விரல்கள் முழங்கையைத் தடவின. "எந்த மடையன் கட்டுப் போட்டான்? ஆளைக் காட்டு, உளியாலயே பேசிக்கிறேன்."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "பொண்ணு மேல உசிரையே வச்சிருக்காரு."

அவளுக்கு ஒன்பது வயதானபோது குடித்துவிட்டு வந்து அவளைப் படிக்கட்டில் தள்ளியவர் இவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி விழுந்தாய் என்று கேட்பார்களாம். அதனால் பட்டறையில் கிடந்த இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துத் தானே கட்டினார். எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கையை நேராக நீட்டவே முடியவில்லை. போதை இல்லாத ஒரு நாளில் கேட்டுவிட வேண்டும் என்று அவளும் காத்திருந்தாள். முப்பது வருடம் வரவில்லை அந்த நாள்.

"குடி மூளையை அரிச்சுடுச்சும்மா. மறந்த இடத்தையெல்லாம் அவரே கதை கட்டி அடைச்சுக்கறார். பொய் இல்ல, அவருக்கு அதுதான் நிஜம்" என்றார் டாக்டர். ஈரலும் போய்விட்டது, இன்றோ நாளையோ என்றும் சொல்லியிருந்தார்.

என்ன ஒரு சௌகரியம்! தள்ளிவிட்டவர் மறந்துவிடலாம், விழுந்தவள் மட்டும் சாகும்வரை சுமக்க வேண்டும்.

"நீங்கதான்ப்பா" என்றாள். "குடிச்சுட்டுத் தள்ளிவிட்டீங்க. நீங்களே கட்டுப் போட்டீங்க. ஒரு தடவையாவது ஆமான்னு சொல்லுங்க."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் நேர் பார்ப்பதைப்போல அந்தக் கையைப் பார்த்தார்.

"நானா? நான் கட்டியிருந்தா இப்படிக் கோணாதே."

சவரக்கத்தியைக் கிண்ணத்தில் விட்டெறிந்துவிட்டு வெளியே போனாள். வராந்தாக் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். வந்து பார்த்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

"இப்பதான்மா போச்சு" என்றாள் நர்ஸ். அப்பாவின் கை மடங்கியபடி நெஞ்சின்மேல் கிடந்தது. "கையை நீட்டி விடுங்க. விறைச்சுட்டா அப்புறம் நேராக்க முடியாது."

அவள் கிண்ணத்தை எடுத்து, மீதிக் கன்னத்தை நிதானமாக மழித்தாள். நுரையைத் துடைத்தாள். கையைத் தொடவில்லை.

"நேரமாச்சும்மா."

"அப்படியே இருக்கட்டும்."

வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். முழங்கை இருந்த இடத்தில் மட்டும் துணி படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது.