பூவாயியின் சட்டைக்கை

சுரேஷ்குமார் கட்டில்மேல் ஏறி நின்று, கார் பார்க்கிங்கில் ஒடித்துவந்த வேப்பங்கொத்தை நிலைப்படிக்கு மேலே செலோடேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆணி அடித்தால் ஃபிளாட்காரன் சும்மா விடமாட்டான். நாலு வயசு நிவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜோதிமணி கீழே நின்றாள்.

"நீங்க வேப்பிலையைக் கட்டுங்க, நான் வேண்டாங்கல. காலையில பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு வந்திருவோம்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டுட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போயிரு. ரெண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டுர்றேன்."

துபாய் அல் குசைஸில் ஒரு ஃபிளாட்டை ஒட்டுப்பலகையால் நாலாகத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் இருக்கிற இடம் அது. பக்கத்துத் தடுப்பு மதீனா பீவியின் கைப்பிள்ளைக்குத் தட்டம்மை. ஊசி போடுகிற வயசே இன்னும் வராத பிள்ளை, பாவம், மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. கூடப் புழங்கின பிள்ளைகளுக்கு உடனே ஊசி போட்டால் தப்பிக்கலாம், தள்ளிப்போட்டால் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொன்னதாக மதீனா பீவி போனில் அழுதாள். நிவிதாவோ அந்தக் குழந்தையைக் கொஞ்சாத நாளில்லை.

நிவிதாவுக்கு இதுவரை ஒரு ஊசியும் போட்டதில்லை. ஊரில் இருந்தவரை, நர்சம்மா வருகிற அன்றைக்கெல்லாம் மாமியார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி ஆகாதாம். வீட்டுச்சாமி உத்தரவாம்.

அந்தச் சாமியும் துபாய்க்கு வந்திருந்தாள். அலமாரி மேல்தட்டில், ஓலைப்பெட்டிக்குள், சிவப்புப் பாவாடையும் சட்டையுமாக. உருவமில்லை, அந்தத் துணிதான் சாமி. பெயர் பூவாயி. ஏழு வயசில் பெரியம்மையில் செத்துத் தெய்வமான பிள்ளை. வருஷா வருஷம் புதுச்சட்டை எடுப்பார்கள். ஒருமுறை சாத்தியதை, அடுத்த வருஷச் சட்டை வரும்வரை யாரும் எடுக்கக் கூடாது.

அவள் கதையை சுரேஷ்குமார் மார்தட்டாத குறையாகத்தான் சொல்வான். வெள்ளைக்காரன் காலம். அன்றைக்கு மருந்து புட்டியில் வராது, பிள்ளையின் கையில் வரும். ஒரு பிள்ளை கையில் அம்மை குத்தி, எழும்புகிற கொப்புளத்துப் பாலை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் வைப்பார்கள். அம்மை குத்துகிறவர் அன்றைக்குக் கூட்டிவந்தது சேரிப் பிள்ளையை. அந்தக் கை நீர் நம்ம ரத்தத்தில் சேருவதா என்று பாட்டனுக்குப் பாட்டன் கதவைச் சாத்தினார். பூவாயியைத் தானியக் குலுக்கைக்குள் இறக்கி மூடி வைத்தார். அடுத்த பங்குனியில் ஊரில் அம்மை கண்டது. பூவாயி போய்விட்டாள். தீட்டுப் படாமல் போனதால்தான் சாமியானாள் என்று குடும்பமே பெருமைப்பட்டுக்கொள்ளும்.

பல்லால் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தவனிடம் ஜோதிமணி கேட்டாள்: "அந்தச் சேரிப் பிள்ளைக்கு அம்மை வந்துச்சா?"

"அது எதுக்கு ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

காலையில் அவன் டியூட்டிக்குப் போய்விட்டான். இனிப் பொழுது சாய்ந்துதான் வருவான். ஜோதிமணிக்குத் துபாய் என்றால் இந்தத் தடுப்பறைதான். ஜன்னல்கூட மதீனா பீவியின் பங்குக்குப் போய்விட்டது. ஊருக்குப் போன் போட்டால் மாப்பிள்ளை பேச்சைக் கேளு என்று அம்மா வைத்துவிடுவாள். பேச ஆளில்லாத பகல்களில் அவள் பேசுவதெல்லாம் பூவாயியிடம்தான். சோறு குழைந்துபோச்சு என்பாள், உன் பேத்தி இன்றைக்கு ஒரே அடம் என்பாள். அன்றைக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவளைப் போட்டு அரித்தது.

பெட்டியை இறக்கித் திறந்தாள். இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் அந்தச் சட்டை நிவிதாவுக்குச் சரியாக இருக்கும். எத்தனை தலைமுறையாகத் தைக்கிறார்கள், அளவு மட்டும் மாறவே இல்லை.

"அந்தக் குலுக்கைக்குள்ள ஒத்தையில கெடந்து எப்பிடிப் பயந்தியோ, தாயி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிவிதாவுக்குச் செருப்பை மாட்டினாள்.

அவள் தனியாக ரோடு தாண்டியது அன்றைக்குத்தான். கிளினிக்கில் இருந்த நர்ஸ் அற்புதராணி குளச்சல்காரி. தமிழ்க் குரல் கேட்டதுமே ஜோதிமணிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"வீட்டுல சொல்லிட்டா வந்த, மக்ளே?"

"இல்லக்கா."

அற்புதராணி ஊசியை எடுத்தாள். ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தால் பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நிவிதா வீறிட்டாள், மஞ்சள் வாத்துப் படம் போட்ட வட்டப் பிளாஸ்டரைக் கையில் ஒட்டியதும் அழுகையை நிறுத்தி அதையே பார்த்தாள்.

இன்னொரு பிளாஸ்டர் தருவீர்களா என்று ஜோதிமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இன்னொரு பிள்ளை உண்டா?"

"உண்டுக்கா. வீட்டுல இருக்கா."

அவளையும் சீக்கிரம் கூட்டி வா என்றாள் அற்புதராணி.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சுரேஷ்குமார் குளித்து, திருநீறு பூசி, ஊதுபத்தியும் கையுமாகப் பெட்டியைத் திறந்தான். சிவப்புச் சட்டையின் இடது கையில் மஞ்சள் வாத்து ஒட்டியிருந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிவிதா ஓடிவந்து தன் கையைத் தூக்கிக் காட்டி, பூவாயிக்கும் போட்டாச்சு என்றாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?" சாமி முன்னால் நின்றதால் அவனால் கத்தக்கூட முடியவில்லை.

ஜோதிமணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அப்பவே போட்டிருந்தா அவ சாமியாயிருக்க மாட்டா. பேரன் பேத்தி எடுத்து, கெழவியாத்தான் செத்திருப்பா."

பிளாஸ்டரைப் பிய்க்க அவன் கையை நீட்டினான். விரல் சட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. சாத்தியதை எடுக்கக் கூடாது. பாட்டன் போட்ட சட்டம்.

"டிக்கெட் போடுறதுன்னா போடுங்க" என்றாள் ஜோதிமணி. "பூவாயியும் எங்ககூடத்தான் வருவா. இனிமே அவளை ஒத்தையில விட மாட்டேன்."