துடக்கு நாளில் எடுத்த படம்

தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கொட்வின் படம் எடுக்காத தமிழ் வீடு குறைவு. கலியாணம், சாமத்தியச் சடங்கு, முதல்நன்மை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். கத்தோலிக்க வேதக்காரர் என்றாலும் சைவக்காரரின் செத்தவீட்டில் ஐயருக்கும் முன்னால் நிற்பார். கனடாச் சொந்தங்களுக்கு நேரலை காட்டவேண்டுமே. "அண்ணை, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று மணமகளுக்கும் கேட்பார்கள், பெட்டிக்குள் கிடப்பவருக்கும் கேட்பார்கள். ஐம்பது வயதில் மனிதருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் அலுத்துவிட்டன.

ஞாயிறு காலையில் மட்டும் அவர் பூசைக்குப் போகாமல் மேற்கு லண்டனில் உள்ள ஒரு நன்னீர் ஏரிக்குப் போய்விடுவார். அங்கே பாய் கட்டிய பலகைகளில் ஏறிச் சேர்பிங் போகிறவர்களைப் படம் பிடிப்பார். மனைவி பெர்னடெற் மாதா கோயில் வாசலில் "அவருக்கு ஷிப்ட்" என்று சமாளிப்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அப்பால் போய் ஷிப்டுக்கு ஒரு சேலையும் கட்டிவிட்டார்கள்.

அந்த ஏரிச் சங்கம் வருஷக் கடைசியில் படக் கண்காட்சி வைக்கும். மூன்று வருஷமாகக் கொட்வின் அனுப்புகிறார். மூன்று வருஷமும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வாத்துகளுக்கே சுவர் கிடைத்தது.

இந்த நவம்பரில், காற்று பேயாய் அடித்த ஒரு ஞாயிறு, அவருக்கும் ஒரு படம் விழுந்தது. பலகை தண்ணீரை விட்டு எழும்பி நிற்க, அதில் ஒருவன் வாய் பிளந்து கத்துகிறான். அழுகிறானா, சிரிக்கிறானா? இரண்டையும் எடுத்துச் சலித்த கொட்வினுக்கே தெரியவில்லை. முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். சயந்தன்! போன புதன்கிழமைதான் இவனுடைய தகப்பன் பரமேஸ்வரனை எரித்தார்கள். அதற்கும் இவர்தான் கமரா. முப்பத்தோராம் நாள் கழியும்வரை அந்த வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு; விளையாட்டு ஒன்றும் ஆகாது.

கரைக்கு வந்தவன் இவரைக் கண்டதும் விறைத்துப்போனான்.

"கொட்வின் அண்ணை, எடுத்துப் போட்டியளோ?"

"எடுத்திட்டன். நீ துடக்குக்குள்ள இஞ்ச என்னடா செய்யிறாய்?"

"வீடு முழுக்கச் சனம், அண்ணை. எப்பிடிச் செத்தவர், எப்பிடிச் செத்தவர் எண்டு வாற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொல்லவேணும். ஏலாது. முருங்கைக்காய் வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அதை ஒரு இடமும் போட்டிடாதேங்கோ."

கண்காட்சிப் படங்களைச் சங்கம் பேஸ்புக்கிலும் போடும். பிறகு கனடாவில் ஒரு கண் போதாதா?

வீட்டுக்கு வந்த கொட்வின் அந்த முகத்தை நீர்த்துளியால் மூடிப் பார்த்தார். கலியாணத்துக்கு வராத மாமாவைக் குடும்பப் படத்தில் தோளோடு தோள் ஒட்டிவைத்த கை அது. வேலை சுத்தமாகவே வந்தது. ஆனால் முகம் போனதும் பலகை விற்கிற விளம்பரம்தான் மிஞ்சியது. அதை அழித்துவிட்டு, முகத்தோடு அனுப்புவதா விடுவதா என்று நாலு நாள் மண்டையை உடைத்தார்.

ஐந்தாம் நாள் சயந்தனின் தாய் நகுலேஸ்வரி கூப்பிட்டனுப்பினாள். தலை நனைந்து, முருங்கைக்காயும் இல்லாமல் வந்த மகனை அவள் சும்மா விடுவாளா? எல்லாம் கறந்துவிட்டாள். கொட்வினைப் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"காட்டு, தம்பி."

போனில் காட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். துடக்கைப் பற்றித்தான் தொடங்கப்போகிறாள் என்று கொட்வின் குனிந்து நின்றார்.

"மிதவைச் சட்டை போடேல்ல, மூதேவி" என்றாள். பிறகு மெதுவாக, "தேப்பன் செத்த நேரம்தொட்டு இவன் வாய்விட்டு அழேல்ல, தம்பி. நான் பயந்துபோனன்."

"அக்கா, இதை ஒரு கண்காட்சிக்கு..."

"ஐயையோ! சனம் கதைக்கும். எனக்கு மட்டும் ஒண்டு பெரிசா அடிச்சுத் தா."

கண்காட்சிக்கு ஒன்றும் அனுப்பாமல் இவளுக்கு அடித்துக் கொடுத்தார். அவள் அலுமாரியைத் திறந்து, பரமேஸ்வரனின் கோட்டுகளுக்கு எதிரே, கதவின் உட்பக்கத்தில் அதை ஒட்டச் சொன்னாள். கொட்வின் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அங்கே ஏறியது.

"பாக்க ஆசையெண்டா வா, தம்பி. ஆக்கள் இல்லாத நேரமாப் பாத்து வா."

விதவை வீட்டு அலுமாரியைப் பார்க்க ஆளில்லா நேரத்தில் போகிற கமராக்காரனுக்குத் தோர்ண்டன் ஹீத் என்ன கதை கட்டும் என்று நினைக்கவே அவருக்குக் களைப்பாக இருந்தது.

"ஓம், அக்கா" என்றார்.