இருவரிடமும் வந்த தண்ணீர்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. காய்கறிக்காரர் ஒரு வெங்காயம் கூடுதலாகப் போட்டால்கூட அழுகலா என்று புரட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னைக் கடலோர ரேடார் நிலையத்தில் நீரோட்டம் அளக்கும் வேலைக்கு வைத்தார்கள். வடக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜோடி நிலையத்தில் என் அக்கா புருஷன். அத்தான் பால் வாங்கப் போனால்கூட மாட்டைக் கறந்துவிட்டு வந்ததாகச் சொல்லும் ஆள்.

வேலை என்னவோ எளிதுதான். கரையில் நட்ட கம்பத்திலிருந்து ரேடியோ அலை கடலுக்குப் போகும். கடலலையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து, தண்ணீர் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்று கணினி சொல்லிவிடும். ஒரு நிலையத்துக்கு அவ்வளவுதான் தெரியும். இரண்டு நிலையத்து எண்களையும் சேர்த்தால்தான் தண்ணீர் ஓடும் திசை கிடைக்கும். ஆக நான் பாதி, அத்தான் பாதி. இந்தக் கூட்டு எனக்குப் பிடித்ததே இல்லை.

அன்று காலை ஆறு மணிக்குத் தம்பி மீன்பிடிப் படகிலிருந்து பேசினான்.

"சின்னக்கா, இஞ்சின் நின்னுபோச்சு. தனியாத்தான் இருக்கேன்."

இருக்கும் இடத்தைச் சொன்னான். அத்தோடு ஃபோன் செத்துவிட்டது. கடலில் மூட்டம். மீட்பு அலுவலகத்தில் இருந்ததோ ஒரே படகு. "ரேடார் படம் குடுங்க மேடம். எந்தப் பக்கம் தேடட்டும்?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

படத்தைத் திறந்தேன். இரண்டு நிலையங்களையும் இணைக்கும் கோட்டின் நடுவில், அத்தானை நோக்கி வரும் தண்ணீர் என்னைவிட்டு விலகித்தான் போக வேண்டும். வேறு வழியே கிடையாது. அன்றோ, தண்ணீர் என்னிடம் வருகிறது என்றது என் கணினி. இல்லை, என்னிடம்தான் வருகிறது என்றது அத்தானுடையது. யாரோ ஒருவர் சொல்வது பொய். அது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஒரு மாதமாகவே அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். சாயங்காலமானால் ரேடியோ இரைச்சல் கூடி என் படத்தில் அங்கங்கே ஓட்டை விழும். அத்தான் படத்தில் ஒரு ஓட்டை கிடையாது. முந்தின நாள் எண்களை எடுத்து ஒட்டுகிறார் என்று முடிவே கட்டியிருந்தேன். ஃபோன் போட்டேன்.

"அத்தான், இன்னைக்கு அனுப்பினது நிஜ எண்தானா? தம்பி உசிர் விஷயம்."

"என்னம்மா இப்படிக் கேக்கற? விடிஞ்சதுலேர்ந்து திரைய விட்டு நகரல."

"சாயங்காலத்துல உங்களுக்கு மட்டும் எப்படி ஓட்டையே விழறதில்ல?"

"இரைச்சல் வந்தா உக்காந்து அலைவரிசைய மாத்தி மாத்திப் பாப்பேன். நீதான் அஞ்சு மணிக்குப் பைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவியே."

சுருக்கென்றது. பதிலைத் தயாராக வைத்திருக்கும் ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று எண்ணியபடி ஃபோனை வைத்தேன். மீட்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு, "வடக்கு நிலையத்து எண்ண விட்டுடுங்க. தெக்க தேடுங்க" என்றேன். ஏழு மணிக்குப் படகு தெற்கே கிளம்பியது.

எட்டானது, ஒன்பதானது. ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"நீ அவர் ஃபோன எடுக்க மாட்டேங்கறியாமே. அவர் கம்பத்துல ஏறித் திசைகாட்டி வெச்சுப் பாத்தாராம், சரியா இருக்காம். உன்னையும் பாக்கச் சொன்னாரு."

திமிர்தான் என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் நாளைக்கு அவர் வாயை அடைக்க வேண்டுமே என்று திசைகாட்டியோடு வெளியே போனேன். கம்பத்தின் உச்சியில் உள்ள ஆன்டெனா பெட்டியில் ஓர் அம்புக்குறி உண்டு. அது நேர் கிழக்கைப் பார்க்க வேண்டும். முப்பது டிகிரி திரும்பியிருந்தது.

எட்டு நாளைக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பெட்டியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். 'சரிபார்த்தேன்' என்ற தாளில் நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து, எங்கோ நடுக்கடலில் கரையை நோக்கி வரும் தண்ணீரை எல்லாம் என் கணினி வடக்குப் பக்கத்துத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் திசைகாட்டியைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அத்தானே ஆள் அனுப்பித் திருப்பியிருப்பாரோ என்றுகூட மனசு ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது.

உள்ளே வந்து முப்பது டிகிரியைத் திருத்திப் போட்டேன். அத்தான் பக்கம் நொடிக்கு நாற்பது சென்டிமீட்டர் வருகிறது. என் பக்கம் நாற்பது விலகுகிறது. காலையிலிருந்தே தண்ணீர் வடக்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"என் கம்பம்தான் தப்பு. படக வடக்க திருப்புங்க" என்றேன் அதிகாரியிடம்.

"இப்ப நாங்க யார நம்பறது மேடம்?"

"வடக்கு நிலையத்த."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதி அனுப்பினேன். வேலை போனாலும் போகும்.

மூன்று மணிக்குத் தம்பியைக் கண்டுபிடித்தார்கள். நான் மருத்துவமனைக்குப் போனபோது கையில் ஊசி குத்தி, உதடு வெடித்து, படுக்கையில் சாய்ந்திருந்தான். அக்கா அவன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"எட்டு மணி இருக்கும் சின்னக்கா, மூட்டத்துக்குள்ள ஒரு படகு. சட்டையக் கழட்டி வீசிக் காட்டினேன், தொண்ட கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்காம தெக்க போயிட்டான். எவன் அவன், தூங்கிக்கிட்டே ஓட்டறவன்?" என்று சிரித்தான்.

அத்தானுக்குத் தெரியும். மீட்பு அலுவலகம் அவரிடமும் பேசியிருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயே திறக்க மாட்டார் என்று புரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது மீட்புப் படகுடா. நான்தான் தெக்க போகச் சொன்னேன்."

தம்பி சிரிப்பை நிறுத்தினான். அக்கா மெல்லத் திரும்பினாள்.

"ஏன்? இவர்தான் வடக்கன்னு அனுப்பியிருந்தாரே?"

"என் கம்பம் திரும்பியிருந்துச்சு அக்கா. எனக்குத் தெரியல."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அக்கா அதை நம்பவில்லை.