முதுகுக்காரர்

அந்தெல்ம் வோக்லானுக்கு ஓரிடத்தில் சும்மா நிற்க வராது. நிற்கிற மாதிரி நடிக்க வரும், அவ்வளவுதான். பாரிஸில் அந்தப் பெரிய நாடகசாலையில் சேர்ந்த முதல் மாதமே நிர்வாகி கார்போனெல் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மூஞ்சி நல்லாத்தான்யா இருக்கு. கைதான் பேய் புடிச்ச மாதிரி ஆடுது. பின்னால கட்டிக்க."

அன்றைக்குக் கட்டியவர்தான். டாக்டராக, பாதிரியாக, பணக்கார மாமாவாக இருபத்திரண்டு வருஷம், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சபையைப் பார்த்தபடி நின்றார். முன்னாலிருந்து பார்த்தால் நிதானமே உருவான மனிதர். பின்னால் பத்து விரலும் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர்கள் திரை இழுக்கிற ஆட்கள் மட்டும்தான். சபைக்கு முதுகு காட்டுவது அந்த நாடகசாலையில் பெரிய குற்றம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், ஒருவழியாக, கார்போனெல் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. புது நாடகத்தில் அப்பா வேடம் உமக்குத்தான் என்றார். நாற்பத்தொன்பது வயதில் முதல் கதாநாயக வேடம். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து வசனத்தை மனப்பாடம் பண்ணுவான். இவருக்கு இரண்டே நாளில் பாடம் ஏறிவிட்டது. ஒத்திகையோ மத்தியானம்தான். காலைப் பொழுது இவரைத் தின்றது. ஜன்னலைத் திறப்பார், மூடுவார். சாவி கொடுத்த கடிகாரத்துக்கு மறுபடியும் சாவி கொடுப்பார். மனைவி ஸிதோனி விளக்குமாற்றோடு வந்து, "எங்கேயாவது போய்த் தொலைங்களேன்" என்று விரட்டினாள்.

போனார். போன இடம்தான் வினை. வென்சென் காட்டுக்கு அப்பால் லூபியாக் என்ற பழைய சிநேகிதர் கண்ணாடிக் கொட்டகை போட்டு, பகல் வெளிச்சத்தில் சினிமாப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சினிமாவில் தலைகாட்டினால் அன்றே வேலை போச்சு என்று நாடகசாலை ஒப்பந்தத்தில் எழுதியே இருந்தது. "சந்தைக் கொட்டகையில காட்டுற மூஞ்சிக்கு எவன் இங்க வந்து டிக்கெட் வாங்குவான்?" என்பார் கார்போனெல்.

லூபியாக் நடிக்கக் கூப்பிட்டதும், மூஞ்சி தெரியாமல் இருந்தால் போதுமே என்று நினைத்தார் வோக்லான். படம் பிடிக்கிற பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன முசியே, பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரி திரும்பியே நிக்கிறீங்க?" என்றார் லூபியாக்.

"எடுக்கறதுன்னா இப்படி எடும். இல்லேன்னா நான் கெளம்பறேன்."

மகள் ஆற்றில் விழுந்த சேதியை ஜன்னலோரம் நின்று கேட்கிற நீதிபதி வேடம். உடம்பு அசையவில்லை. பின்னால் கட்டிய கைகள் மட்டும் தவித்த தவிப்பு இருக்கிறதே! கழுவிய படத்தைப் பார்த்த லூபியாக் ஓடி வந்தார். "இனிமே திரும்பிடாதீங்க முசியே. உங்க கால்ல விழறேன்."

அப்படியே நாலு படம் ஆயிற்று. அப்போதெல்லாம் நடிகர் பெயரைப் போடுகிற வழக்கம் இல்லை. பெல்வில் பக்கத்துத் தொழிலாளி ஜனங்கள் தாங்களாகவே 'முதுகுக்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ஸிதோனி தங்கையோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தனப் பாத்தேன். மூஞ்சியே காட்டல. ஆனா அழ வெச்சுட்டான்."

"யாராம்?"

"பதினெட்டு வருஷமா என் மேஜை விரிப்ப நூல் நூலா பிரிச்சுப் போடற கை எனக்குத் தெரியாதா? அப்பா வேஷம் கைக்கு வந்திருக்கு. இந்த நேரத்துலயா இந்தக் கூத்து?"

"மூஞ்சி தெரியலையே, ஸிதோனி."

"எனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

இனிமேல் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார். செவ்வாய்க்கிழமை போனார். பயத்தில் விரல்கள் இன்னும் கூட ஆடின. அந்தப் படம் முந்தைய நாலையும் தூக்கிச் சாப்பிட்டது.

நாடகமும் அரங்கேறியது. தகப்பன் மகனை வீட்டை விட்டு விரட்டுகிற கடைசிக் காட்சி. மகன் பின்வாசல் வழியாகப் போவான். தகப்பன் சபையைப் பார்த்துப் பன்னிரண்டு வரி பேச வேண்டும். கூலிக்குக் கை தட்டுகிறவர்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி தட்டினார்கள். மலிவு டிக்கெட் மேல்மாடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. வோக்லானுக்கு வெட்கமாக இருந்தது. முகம் பொய் சொல்கிறது, கை நிஜம் சொல்கிறது, அந்தக் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று ராத்தூக்கம் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு, பகல் ஆட்டம். மேல்மாடியில் பெல்வில் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மகன் போனான். வோக்லான் முதல் வரிக்கு வாயைத் திறந்தார். மேலே ஒருத்தி கொட்டாவி விட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு, போகிற மகனைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

முதுகு. பின்னால் கட்டிய கைகள். ஒரு கட்டைவிரல் இன்னொன்றின் நகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

ஆரஞ்சு உரிக்கிற சத்தம் நின்றது. "டேய், கையைப் பாருடா," என்று மேலே ஒருவன் சொன்னான். "நம்ம முதுகுக்காரர்டா."

பெயர் வரிசைக்கு வரிசை பரவியது. அப்புறம் மேல்மாடி முழுக்கக் கை தட்டியது. கூலிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் தங்கள் தலைவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பியதால்தான் வோக்லானுக்குத் தெரிந்தது, பக்கத்திரைக்குப் பின்னால் கார்போனெல் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அந்தச் சினிமாப் பெயர் விழுந்துவிட்டது. திரும்பு என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். வோக்லான் அசையவில்லை. இப்போது திரும்பினால், பன்னிரண்டு வரியையும் ஒழுங்காகச் சொன்னால், காலில் விழுந்தாவது சமாளித்துவிடலாம். அது அவருக்கும் தெரியும். விரல்கள் நிற்கவில்லை. அவரும் திரும்பவில்லை.

கார்போனெல் சத்தம் வராமல் வாயசைத்தார். "நாளைலேர்ந்து வராதே."

சரி என்று வோக்லான் மெல்லத் தலையை ஆட்டினார்.

போகிற மகனுக்குத்தான் அந்தத் தலையாட்டல் என்று நினைத்துக்கொண்டு மேல்மாடி அழுதது.