வலது காலில் ஒரு கட்டு

வாளித் தண்ணீரோடு அய்யனார் அப்படியே நின்றான். அண்ணன் தேசப்பனின் உடலைக் குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியாயிற்று. வேட்டியை விலக்கினால், வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டு. இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, வெள்ளைத் துணி சுற்றி, ஓரத்தில் பூப்போல ஒரு முடிச்சு.

“அண்ணி, இத அவுக்கறதா, வேணாமா?”

ஞானாம்பாள் எட்டிப் பார்த்தாள். உப்பளத்திலிருந்து அப்படியே ஓடிவந்தவள். பாதத்தில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

“கால்ல என்னா அடி? நெஞ்சு வலின்னுதான சொன்னாங்க?”

யாருக்கும் தெரியவில்லை. தெரியாததனால் எல்லோரும் சொன்னார்கள். மோட்டார் ரூமில் வழுக்கிவிட்டது என்றார் ஒருவர். கரண்டு காலில் ஏறி நெஞ்சுக்குப் போயிற்று என்றார் பஞ்சாயத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், கரண்டுக்கு வழி காட்டியதே தான்தான் என்கிற தோரணையில்.

அய்யனார் கட்டை அவிழ்த்தான். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

“நல்ல காலுக்கு எதுக்குடா கட்டு? கட்டும்போது உசிரு இருந்திச்சா? எதுனா சொன்னாரா?” வந்தவர்களிடமெல்லாம் அவள் இதையேதான் கேட்டாள்.

அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்துக் கார் வந்து நின்றது. தேசப்பன் தோட்டவேலை பார்த்த இடம். இறங்கினவர் பாதுகாப்பு அலுவலர் பக்தவச்சலம். கொண்டுவந்த மலர்வளையத்தில் பூவைவிட பல்கலைக்கழக முத்திரைதான் பெரிதாக இருந்தது. பின்னாலேயே, அங்கே கூட்டிப் பெருக்கும் அந்தோணியம்மாள்.

“அர்ப்பணிப்பான ஊழியரும்மா. நம்ம வளாகத்துல இதுவரைக்கும் ஒரு விபத்துகூட பதிவானதில்ல,” என்று தொண்டையைச் செருமினார்.

“அப்ப இது என்னா சார்?” அவிழ்த்துப் போட்ட கட்டை ஞானாம்பாள் காட்டினாள்.

“இது பாதுகாப்பு வார நிறைவு விழாம்மா. முதலுதவிக் குழுவோட செயல்விளக்கம். காலு முறிஞ்ச தொழிலாளியா நடிக்க ஒரு ஆளு தேவப்பட்டுது. பசங்க வெயில்ல படுக்க மாட்டேன்னுட்டாங்க. தேசப்பன் தானா முன்வந்தாரு.”

“தானா எங்க வந்தாரு? ‘செடிக்கு அப்பறம் தண்ணி ஊத்திக்கலாம், வந்து படு’ன்னு நீங்கதான கூப்டீங்க?” அந்தோணியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் காதில் வாங்கவில்லை. “செயல்விளக்கத்துல நடக்கறது விதிப்படி விபத்துல சேராது. இத எதுல சேக்கறதுன்னு கமிட்டி கூடி முடிவு பண்ணும்.”

ஞானாம்பாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தோணியம்மாள் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடி. படுத்த மனுசன் என்னா சொன்னாரு?”

“நெஞ்சப் புடிச்சாருக்கா. சாரு மைக்குல, ‘தேசப்பன், அடி கால்ல! கைய கால்ல வையுங்க’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறமும் வாயத் தொறந்து என்னமோ சொன்னாரு. நல்லா நடிக்கறாருன்னு கைதட்டிட்டோம். நானும் தட்டினேன்க்கா.” முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“டாக்டரு, நர்சு யாரும் இல்லியா?”

“நர்சம்மா மேடையில சால்வய ஏந்திக்கினு நின்னாங்க. இவர ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு போயி பந்தலுக்குப் பின்னால வெச்சிட்டாங்க. டீ குடுக்கப் போனப்பதான் ஏந்திரிக்கலன்னு தெரிஞ்சிச்சு.”

“என்னா சொன்னாரு?”

“கேக்கலியேக்கா.”

“வீடியோ இருக்கும்மா,” என்றார் பக்தவச்சலம், உதவி செய்கிற உற்சாகத்தில். “விருதுக்கு விண்ணப்பிக்க எடுத்தது.” சொன்ன பிறகுதான் முகம் மாறியது. அதற்குள் போன் அவள் கைக்குப் போய்விட்டது.

பந்தல். பேனர். மணலில் அவள் புருஷன். பச்சைச் சட்டைப் பிள்ளைகள் நாலு பேர் காலைச் சுற்றி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மும்முரமாகக் கட்டினார்கள். தலைமாட்டில் யாரும் இல்லை. அவன் வாய் அசைந்தது. அவ்வளவுதான், கைதட்டல் வந்து மூடிக்கொண்டது.

“சத்தம் வைங்க சார்.”

“ஃபுல்லாதாம்மா இருக்குது.”

தெருமுனையில் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். ஞானாம்பாள் கையைத் தூக்கினாள். அய்யனார் ஓடிப்போய் நிறுத்தினான். ஒப்பாரி வைத்த பெண்களும் என்னவோ ஏதோவென்று நிறுத்திக்கொண்டார்கள். அவள் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

சாவு வீட்டு வாசலில் கைதட்டல் மட்டும் கேட்டது. நடுவில் யாரோ விசில்கூட அடித்தார்கள்.