அரை மைல் அறை வாடகைக்கு

செந்தூலில் இருதயம் வீட்டுப் பின்னறை, வாடகைக்கு விளம்பரம் ஒட்டிய முதல் வாரத்தில் மூன்று அடி நீண்டது. விளம்பரத்தில் அவர் பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அறை பார்க்க வந்த விஜயன் என்ற கூரியர்காரன் தன் கட்டில் கொள்ளுமா என்று டேப்பை இழுத்து அளந்து, "அங்கிள், பதினஞ்சு இருக்கே," என்றான். இருதயம் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளவில் தப்பு என்று அதுவரை ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. டேப்பை வாங்கி அவரே மறுபடி அளந்தார். பதினைந்துதான். அன்று மாலையே லைட் கம்பத்தில் இருந்த தாளில் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதினைந்து என்று திருத்தினார். அந்த வரிசையில் எல்லாமே பழைய வீடுகள். மழைக்குக் கதவு உப்பும், வெயிலுக்குக் கூரை முனகும். அறை மூன்று அடி நீண்டதை அவர் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி லூசி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அவருடைய செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு செருப்புச் சத்தம் கிடையாது. காலையில் பாசாருக்குப் போய் ஒரு மீன் வாங்குவார். பாதியைச் சமைத்துப் பாதியை ஐஸ் பெட்டியில் வைப்பார். மறுநாள் அந்தப் பாதியைச் சமைப்பார். மகள் செரீனா ஜோகூரில் இருந்தாள். ஈஸ்டருக்கு வந்தவள், அப்பா பேசும்போது அவர் குரல் கரகரப்பதைக் கவனித்து, கடைசியாக யாரிடம் எப்போது பேசினீர்கள் என்று கேட்டாள். அவரால் நாள் சொல்ல முடியவில்லை. "கிறிஸ்மஸுக்குள்ள இந்த வீட்டுல ஒரு ஆள் வந்து இருக்கணும்ப்பா. இல்லன்னா வீட்ட வித்துட்டு உங்கள என்கூட கொண்டுபோயிடுவேன். பதினேழாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினேழாவது மாடியில் ரயில் சத்தம் கேட்காது என்பது இருதயத்துக்குத் தெரியும். லூசி நடந்த தரையும் அங்கே இருக்காது. விளம்பரம் பிறந்தது அப்படித்தான். முதல் தாளில் அளவும், கட்டில், மின்விசிறி, அலமாரி உண்டு என்பதும், கடைசியில் "நல்லவர்கள் மட்டும்" என்ற ஒரு வரியும் இருந்தன.

ரயில்வேயில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விதிப் புத்தகத்தில் ஒரு வரி கூடும். கூடிய வரியை யாரும் எடுப்பதில்லை. இருதயம் தன் விளம்பரத்தையும் அந்த முறையில்தான் வளர்த்தார். விஜயன் போகும்போது வாசலிலேயே சிகரெட் பற்றவைத்தான், கேட்டைத் தடால் என்று சாத்தினான். மறுநாள் தாளில் "புகை பிடிக்காதவர்", "கேட்டை மெதுவாகச் சாத்துபவர்" என்று இரண்டு வரிகள் ஏறின. மலர் என்ற ஆஸ்பத்திரித் தாதி வந்தாள். நல்ல பெண், ஆனால் அவளுக்கு இரவு வேலை. "ஐந்து மணிக்கு எழுந்து பத்து மணிக்கு உறங்குபவர்" என்று எழுதினார். கிள்ளானிலிருந்து ஒரு கத்தோலிக்கத் தம்பதி வந்தார்கள். எல்லாம் பொருந்தி, சாவியை எடுக்க எழுந்த நேரத்தில், மீன் குழம்பில் மாங்காய் போட்டால் தன் வீட்டுக்காரருக்கு ஆகாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். இருதயம் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்த ஓர் ஆசிரியர், தூறல் விழுந்து கொடியில் துணி நனைவதைப் பார்த்துக்கொண்டே அரசியல் பேசினார். "மழை வந்தால் சொல்லாமலே துணியை எடுப்பவர்" என்ற வரி அதனால் வந்தது.

அறையும் நீண்டுகொண்டு போனது. சிகரெட் வரிக்கு ஆறு அடி. கேட் வரிக்கு இருபது. மாங்காய் வந்த வாரம் நூற்றுத் தொண்ணூறு. துணி வரி எழுதிய மறுநாள் காலை அளந்தபோது எழுநூறு அடி கூடியிருந்தது. வீட்டுக்கு வெளியே எந்த மாற்றமும் இல்லை. பின்சந்து அதே இடத்தில் இருந்தது, சாக்கடை இருந்தது, பின்வீட்டுக்காரர் பப்பாளி மரமும் இருந்தது. உள்ளே மட்டும், கதவைத் திறந்து நின்றால், அந்தக் கோடி ஜன்னல் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. காலை நேரத்தில் நடுவில் லேசாகப் பனி படிந்தது. கூட்டிப் பெருக்க மூன்று நாளாயிற்று. சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போய், பாதி வழியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பெருக்கினார். பழைய வழக்கத்தில் நூறு அடிக்கு ஒரு பலகை வைத்துத் தூரத்தைச் சாக்பீஸால் எழுதினார். ஒரு நோட்டில் இடப்பக்கம் அறையின் நீளத்தையும் வலப்பக்கம் விளம்பரத்தின் வரிகளையும் தேதி போட்டுக் குறித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு உறுத்திய விஷயம் வேறு. கட்டிலும் லூசியின் சேலைகள் இருந்த அலமாரியும் அந்தக் கோடிச் சுவரை ஒட்டி இருந்தன. சுவர் போகப் போக அவையும் போயின. முன்பெல்லாம் போகிறபோக்கில் அலமாரியைத் திறந்து மூடுவார். இப்போது அதற்குப் பலகை பலகையாக நடக்க வேண்டியிருந்தது. அந்த நடைக்கு முட்டி ஒத்துழைக்காத நாட்களில் அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

பாசார் அருகே நகல் கடை வைத்திருந்த சந்திரகலாதான் ஒவ்வொரு முறையும் விளம்பரத்தை நகலெடுத்துக் கொடுத்தாள். ஒரு பிரதி கோயில் அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று மாமாக் சாப்பாட்டுக் கடைக் கண்ணாடிக்கு, ஒன்று லைட் கம்பத்துக்கு. நவம்பர் கடைசியில் அவர் கொண்டுவந்த தாள் இரண்டு பக்கம் இருந்தது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"அங்கிள், இது ரூம் விளம்பரமா, கல்யாண விளம்பரமா?"

"நல்ல ஆளா வேணும் லா."

"நல்ல ஆளு இல்ல அங்கிள், இது ஒரே ஆளு. அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும், குழம்புல மாங்கா போடணும், கேட்ட மெதுவா சாத்தணும், மழை வந்தா துணி எடுக்கணும். லூசி ஆன்டி பேரு மட்டும்தான் போடல. அவங்க எப்படி அங்கிள் வாடகைக்கு வருவாங்க?"

சொன்ன பிறகு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருதயம் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நோட்டைத் திறந்து இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூன்று இடத்திலும் ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்தெடுத்து அடுப்பில் போட்டார். மறுநாள் அறையை அளந்தார். ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது அடி, சரியாக அரை மைல். அது அவருக்கு ஆச்சரியமாகவும் இல்லை. விதிப் புத்தகத்தில் ஏறிய வரி அழிந்து அவர் பார்த்ததே கிடையாது.

செரீனா வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. வீடு வாங்கிவிற்கும் ஏஜென்டிடம் பேசிவிட்டதாகத் தகவல் அனுப்பியிருந்தாள். இருதயம் மேஜைமுன் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சந்திரகலாவிடம் ஒரு சின்னத் தாளைக் கொடுத்தார். அதில் இரண்டு வரிகள்தான் இருந்தன. "அறை அரை மைல் நீளம். வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார்." அவள் அதைப் போனில் படம் பிடித்து, தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டாள்.

பதினோரு நாள் கழித்து மஹ்ஜபீன் வந்தாள். நாற்பது வயது இருக்கும். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. காப்பார் ஊரில் அம்மா இருந்த வீட்டை அண்ணன் குடும்பம் எடுத்துக்கொண்ட பிறகு, தோழி வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தாள். கேட்டை அவள் சாத்திய சாத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தோளில் தையல் மெஷினைச் சுமந்துகொண்டே வந்திருந்தாள்.

"உங்க வீட்டுலயும் நாய் இருக்கா அங்கிள்?"

"இல்லம்மா."

"பன்னி சமைப்பீங்களா?"

"கிறிஸ்மஸுக்கு லூசி செய்வா. ரெண்டு வருஷமா அடுப்புல ஏறல."

"அப்ப எனக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. கோச்சிக்காதீங்க."

"இதுல கோவம் என்ன லா."

அவர் பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். மஹ்ஜபீன் நெற்றியில் கையை வைத்து அந்தக் கோடியைப் பார்த்தாள். ரமலான் பாசார் நேரத்தில் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக இதைவிட நேரமாகும் என்று சொல்லிவிட்டு, மெஷினைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஜன்னல் வெளிச்சம் தையலுக்கு வேண்டும், அதனால் கோடிக்கே போய்விடுகிறேன் என்றாள். அவள் செருப்பு தரையில் சட்டுச் சட்டென்று அடித்தது. இருதயம் கதவருகே நாற்காலி போட்டு, சத்தம் ஒவ்வொரு பலகையாகத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் சத்தம் நின்றது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது.

"அங்க ஒரு அலமாரி இருக்கு. ஆன்டி சேலைங்களா? ஒரு பக்கமா மடிச்சி வெச்சிட்டு, மத்த பாதியில நான் வெச்சிக்கவா?"

அவர் தலையை ஆட்டினார். இரண்டு ஆண்டுகளில் லூசியின் சேலைகளை வேறொரு கை மடிப்பது அதுவே முதல் தடவை. அவள் மறுபடி அரை மைல் நடந்து போய் மடித்து வைத்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிறு செரீனா வந்தாள். கையில் ஏஜென்ட் கொடுத்த தாள்கள் இருந்தன. கூடம், சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்தாள். பின்னறையில் எட்டிப் பார்த்தாள். பலகைகளும் தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சமும் தெரிந்தன.

"ஆள் இருக்காங்கன்னு போன்ல சொன்னீங்க. எங்கப்பா? ஒருத்தரும் காணோமே."

"வர்றாங்க."

"அப்பா, எங்கிட்ட பொய் சொல்லாதீங்க."

"இரு. தண்ணி கொதிக்கட்டும்."

அவர் லூசியின் கெட்டிலைத் தொடவில்லை. ஓரத்தில் தனியாக இருந்த அடுப்பைப் பற்றவைத்து, மஹ்ஜபீனின் கெட்டிலில் மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்தார். செரீனா தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கோ தொலைவில் சட்டுச் சட்டென்று சத்தம் தொடங்கியது. முதலில் அது ஓட்டின்மேல் விழும் மழைச் சொட்டு மாதிரி கேட்டது. பிறகு நடை மாதிரி கேட்டது. அப்பா அந்தச் சத்தத்தின் பக்கம் தலையைச் சாய்த்து நிற்பதைச் செரீனா பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. தேயிலை நிறம் இறங்கி, பாலும் கலந்த நேரத்துக்குச் சரியாக மஹ்ஜபீன் வாயில் ஒரு குண்டூசியோடு வந்து நின்று, "உங்க மகளா அங்கிள்? உங்க மூக்குத்தான்," என்றாள். செரீனா தாள்களைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, தன் கப்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகு அறை நீளவும் இல்லை, குறையவும் இல்லை. நகராண்மைப் பதிவில் இன்றைக்கும் அது பத்துக்குப் பன்னிரண்டுதான். மஹ்ஜபீன் மாங்காய் போடுவதில்லை, ஏழரை மணிக்குத்தான் எழுகிறாள், கேட்டை இன்னும் தடாலென்று சாத்துகிறாள். வார நாட்களில் பெரும்பாலும் இருதயம் மீனில் பாதியை வைத்துவிட்டு மறுபாதியோடு தனியாகத்தான் சாப்பிடுகிறார். மழை எப்போதும் அவள் ஜன்னல் பக்கமிருந்து வரும். பார்த்ததும் அவள் அங்கிருந்தே, "அங்கிள், மழை!" என்று கத்துவாள். அந்தக் குரல் இருபத்தாறு பலகைகளையும் தாண்டி வருவதற்குள் கொடியில் துணி பாதி நனைந்திருக்கும். இருதயம் எழுந்து போய் அந்தப் பாதி நனைந்த துணிகளை எடுத்து உள்ளே போடுகிறார்.