தொண்ணூறு மீட்டர்

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அவள், ஸ்கேன் டாக்டரிடம் வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். "பத்து ஜிகாபிட் வேகத்தை நூறாக்கித் தர்றேன் சார். சுவரை இடிக்க வேண்டாம், இருக்கிற ஃபைபர் கேபிளே போதும்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அதை அன்றைக்கே ஆஸ்பத்திரி முழுக்கப் பரப்பிவிட்டார்.

மாட்யூலைத் தேர்ந்தெடுப்பதுதான் பாக்கி. விரல் நீள உலோகத் துண்டு அது. கேபிளின் இரு முனையிலும் செருகினால் தகவலை ஒளியாக்கி அனுப்பும். அதில் ஒரு வம்பு உண்டு: வேகம் கூடினால் எட்டும் தூரம் குறையும். இந்த ரக ஃபைபரில் பத்து ஜிகாபிட் நானூறு மீட்டர் ஓடும். அவள் குறித்து வைத்திருந்த நூறு ஜிகாபிட் மாட்யூலோ நூறு மீட்டரோடு நின்றுவிடும். நடுவில் நாற்பது ஜிகாபிட் ஒன்று உண்டு, அது நூற்றைம்பது மீட்டர் வரை தாங்கும்.

சர்வர் அறையிலிருந்து ஸ்கேன் கட்டடத்துக்குப் போகும் கேபிளின் லேபிளில் தொண்ணூறு மீட்டர் என்று இருந்தது. எழுதியவர் அவள் கணவர்தான். பதினோரு வருடத்துக்கு முன் இந்தக் கேபிளை இழுத்தவர் அவர்.

காலையில் கிளம்பும்போது கேட்டாள். "தொண்ணூறுதானேங்க?"

"அதான் எழுதியிருக்கேனே, அப்புறம் என்ன?" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆர்டர் போடும் முன் சர்வர் அறையில் கேபிளின் உறையைத் துடைத்துப் பார்த்தாள். மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருப்பார்கள். இந்த முனையில் 214. ஸ்கேன் கட்டடத்துக்கு ஓடி மறு முனையைப் பார்த்தாள். 342. மூன்று முறை கழித்துப் பார்த்தும் விடை மாறவில்லை.

உடனே கணவருக்குப் போன் போட்டாள். "நூத்தி இருபத்தெட்டுங்க! யாரை ஏமாத்த இந்த லேபிளு? டாக்டர் முன்னாடி என் மானம் போகப்போகுது."



"பிளான்ல தொண்ணூறுதான்மா. நேரா போனா குழந்தைங்க வார்டு கூரையைத் துளைக்கணும், ரெண்டு நாள் டிரில் ஓடும். உள்ள நம்ம பாப்பா இருந்தாளே, ஒரு கிலோகூட இல்லாம. லாண்டரி பக்கமா சுத்தி இழுத்துட்டேன். சூப்பர்வைசர் கத்துவாருன்னு பிளான்ல இருந்ததையே எழுதிட்டேன். அன்னிக்கு அது எதையும் பாதிக்கலை."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. டிரில் சத்தம் வராண்டா வரை வந்து நின்றுபோனது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை அசையாமல் தூங்கியது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் கடவுளுக்குச் சொல்லி வைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள்.

"நீ அப்ப தூங்கியே நாலு நாளாச்சு. எதைச் சொல்ல?"

முகத்தைக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் போனாள். "நாற்பதுதான் சார் வரும். கேபிள் லாண்டரியைச் சுத்திப் போகுது, நூறு மீட்டருக்கு மேல. தூரத்தை அளக்காம வாக்குக் கொடுத்தது என் தப்பு."

டாக்டர் முகம் சுருங்கியது. "எல்லார்கிட்டயும் நூறுன்னு சொல்லிட்டேனேம்மா! யாரு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டது?"

"என் வீட்டுக்காரர் சார்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி.